கறளும் தீந்தையும்

யாழ்ப்பாணத்தார் துருவைக் கறள் என்பர். கறள் பிடித்தது, கறள் கட்டியது, கறள் தின்றது என அச்சொல் பலவாறாக வழங்கக் கேட்கலாம். பிடித்தது என்பது மேற்பரப்பிற் படிந்த செம்மை; கட்டியது என்பது படைபடையாக எழுந்த தடிப்பு; தின்றது என்பதோ, இரும்பு என்று நம்பித் தொட்டவிடத்தில் விரல் உட்புகும் நிலை. குடாநாட்டின் நடுப்பகுதியில் வாழ்வோருக்கு இவ்வேறுபாடு அத்துணை முக்கியமன்று. பண்ணைத் தாம்போதியைக் கடந்து, மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, மண்கும்பான் வழியாக வேலணைக்குச் செல்வோருக்கு அது அன்றாட அறிவாகும். அங்கே சாளரக் கம்பியும், கிணற்றுக் கப்பியும், சைக்கிட் சங்கிலியும், படலைப் பிணைச்சலும் ஒவ்வோராண்டும் கணக்கெடுக்கப்படவேண்டியவை. சோளகக் காற்று ஒரு பக்கத்தாலும் வாடைக் காற்று மறுபக்கத்தாலும் உப்பைக் கொண்டுவந்து சேர்க்கும். ஒல்லாந்தர் லைடன் என்று பெயரிட்ட அத்தீவில் கடலிலிருந்து வெகுதொலைவு என்று சொல்லத்தக்க இடம் எதுவுமில்லை.

கறளுக்கு மாற்றாகத் தீவக மக்கள் நம்பியது தீந்தையையே. ஊர்காவற்றுறையிலும் குறிகட்டுவானிலும் வள்ளங்களைக் கரையேற்றிப் பழைய தீந்தையைச் சுரண்டிப் புதியதைப் பூசுவதைக் காணலாம். அங்கு சுரண்டுதல் முதன்மையான வேலை. பூசுதல் அதன்பின் வருவது. மோட்டர் வாகனங்களைப் பொறுத்தவரை இவ்வொழுங்கு பெரும்பாலும் தலைகீழாகிவிடுகின்றது. சுரண்டுவதற்குச் சோம்பி மேலே பூசுவதே வழக்கமாகிவிட்டது. பூசப்படுவது வாகனத்தின் கதவாயின் இழப்பு அழகோடு நின்றுவிடும். பிறேக்காயின் அவ்வாறு நிற்பதில்லை.

முன்சில்லுகளின் உட்புறத்தே, சில்லோடு சேர்ந்து சுழலும் இரும்புத் தட்டொன்று உண்டு. அத்தட்டை இருபுறமும் கவ்விப் பிடிப்பது கலிப்பர் என்னும் உறுப்பு. அதற்கு வழக்கிலுள்ள தமிழ்ச்சொல் எதுவுமில்லை. மெக்கானிக்மார் கலிப்பர் என்றே கூறுவர். குறடு என்றால் ஓரளவு பொருந்தும். நண்டின் கடிவாய் என்றால் தீவகத்தாருக்கு உடனே விளங்கும். சாரதி பெடலை மிதிக்கும்போது குழாயிலுள்ள பிறேக் ஒயில் அமுக்கப்பட்டு, கலிப்பரின் வயிற்றிலுள்ள உருளை வடிவப் பிஸ்ரனைத் தள்ளும். பிஸ்ரன் உட்புறப் பாட்டைத் தட்டின்மீது அழுத்தும். அவ்வழுத்தத்தின் எதிர்விசையாற் கலிப்பர் முழுவதுமே இரண்டு ஊசிகளின்மீது வழுக்கி நகர்ந்து, வெளிப்புறப் பாட்டையும் தட்டோடு சேர்க்கும். ஊசிகள் வழுக்காவிடின் ஒரு பக்கம் மாத்திரமே பிடிக்கும். பிஸ்ரனைச் சுற்றி மோதிரம்போல் அமைந்த றப்பர் ஒன்றும் உண்டு. அது ஒயிலைக் கசியவிடாமற் காப்பதோடு அமைவதில்லை. பிஸ்ரன் வெளியே நகரும்போது அதனோடு சற்று வளைந்து, மிதி விடுபட்டதும் தன் பழைய நிலைக்குத் திரும்பி, பிஸ்ரனை மயிரிழையளவு பின்னுக்கு இழுத்தும் விடுகின்றது. கார் ஓடும்போது பாட் தட்டில் உராயாதிருப்பது அம்மயிரிழையின் தயவாலேயாம்.

இவ்வமைப்பு மோட்டர் உலகிற்குப் புதியதன்று. இங்கிலாந்தைச் சேர்ந்த பிரெடெரிக் லாஞ்செஸ்ரர் 1902 ஆம் ஆண்டிலேயே தட்டு பிறேக்கிற்குக் காப்புரிமை பெற்றார். 1953 ஆம் ஆண்டு பிரான்சின் லு மான் ஓட்டப்போட்டியில் இவ்வகைப் பிறேக் பூட்டிய ஜகுவார் கார் முதலிடம் பெற்றதன் பின்னரே உலகு அதனைக் கூர்ந்து நோக்கியது. ஆயினும், யாழ்ப்பாணத்து வீதிகளை நீண்டகாலம் ஆண்ட மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40 முதலிய கார்களுக்கு இது கிடையாது. அவை நான்கு சில்லிலும் மூடிய பேரிகை போன்ற பழைய பிறேக்கையே கொண்டிருந்தன. மொறிஸ் மைனர் 1948 முதல் 1970களின் தொடக்கம்வரை செய்யப்பட்டது. அதன் ஆயுட்காலம் முழுவதும் அதன் பிறேக்கின் வகை மாறவேயில்லை. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்திலே, தொடக்கத்திற்குச் சில துளி பெற்றோலும் அதன்பின் மண்ணெண்ணெயும் குடித்து ஓடிய கார்களும் அவையே. மண்ணெண்ணெய் அக்காலத்தில் விளக்காகவும் எரிபொருளாகவும் கழுவுநீராகவும் விளங்கியது. இரும்பில் எது ஒட்டினாலும் மண்ணெண்ணெயாற் கழுவு என்னும் வழக்கம் அக்காலத்தில் ஆழமாக வேரூன்றியது எனல் மிகையாகாது. அவ்வழக்கத்தைப் பின்னர் காண்போம்.

வேலணையில் ஒரு வீட்டில் நிற்கும் கார், 1980களின் நடுப்பகுதியில் யப்பானிற் செய்யப்பட்ட மிற்சுபிசி லான்சர். பெட்டி போன்ற உருவம் பற்றிப் பொக்ஸ் லான்சர் என இலங்கை முழுவதும் பெயர்பெற்ற வகை அது. வீட்டுக்காரர் இலங்கைப் போக்குவரத்துச் சபையிற் சாரதியாகவிருந்து ஓய்வுபெற்றவர். தீவக மக்களுட் பெரும்பாலானோர் 1990, 1991 ஆம் ஆண்டுகளில் இடம்பெயர்ந்தபோது அவரும் பெயர்ந்தார். போர் முடிந்தபின் திரும்பினார். திரும்பிய சில ஆண்டுகளில், பழையதாயினும் நல்ல கார் என்று சொல்லப்பட்ட அந்த லான்சரை வாங்கினார். விற்றவர் அதனை நன்கு அலங்கரித்திருந்தார். சில்லின் இடைவெளிகளூடாகப் பார்த்தால் இரு கலிப்பர்களும் வெள்ளிநிறத் தீந்தையில் மின்னின. புதியவைபோலத் தோன்றின என்பதே அவர் அன்று கண்ட நற்குணம்.

அக்காரின் தலையாய பணி, அவர் மனைவியை மாதமொருமுறை யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையின் நீரிழிவுக் கிளினிக்கிற்குக் கொண்டுசெல்வது. 2023 ஆம் ஆண்டின் சோளகக் காலத்தில் ஒருநாள், திரும்பி வரும் வழியில், பிறேக்கை மிதித்தபோது கார் வலப்புறமாக இழுத்தது. நம் நாட்டிலே வாகனம் இடப்புறம் செல்வது. ஆகவே வலப்புறம் இழுத்தல் என்பது எதிரே வருவதை நோக்கி இழுத்தலாகும். தாம்போதியின் இருமருங்கிலும் கடல். எதிரே புங்குடுதீவிலிருந்து வரும் பேருந்து. ஸ்ரியரிங்கை இறுகப் பிடித்து அவர் காரை நேர்ப்படுத்தினார். மனைவியிடம் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டிற்கு வந்ததும் நான்கு சில்லுகளையும் கையால் தொட்டுப் பார்த்தார். வலது முன்சில்லு சூடாகவும், இடது முன்சில்லு ஏறக்குறைய ஓடாத சில்லைப்போலக் குளிர்ந்தும் இருந்தன. பேருந்தோடு முப்பதாண்டுகள் பழகிய கைக்கு அதுவே போதிய சான்று.

கராச்சிற் கொடுத்திருக்கலாமே என்று கேட்கலாம். கொடுத்தால் இன்னொரு படை தீந்தை ஏறி வரும் என்பது அவருடைய அச்சம். புதிய கார் என்ற பேச்சுக்கு இடமில்லை. 2020 ஆம் ஆண்டு மார்ச்சிலிருந்து வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தது. தனியார் வாகனங்களுக்கு அத்தடை 2025 பெப்ரவரியில்தான் நீங்கிற்று. இடைப்பட்ட ஐந்தாண்டுகளிற் பழைய கார்கள் பலவும் பொன்னின் விலைக்கு உயர்ந்தன. பொன்போல மினுக்கவும் பட்டன. ஆகவே தொழினுட்பக் கல்லூரியில் மோட்டர்ப் பொறிமுறை கற்கும் தங்கை மகன் விடுமுறையில் வந்தபோது, இருவருமாக முற்றத்து வேப்பமர நிழலில் வேலையைத் தொடங்கினர்.

யக்கை மாத்திரம் நம்பிக் காரின் கீழ்க் கையை நீட்டலாகாது என்பதில் இருவருக்கும் கருத்து வேற்றுமையில்லை. பின்சில்லுகளுக்குக் கல் வைத்து, சட்டத்தின்கீழ் அகன்ற பனங்குற்றிகளை அடுக்கியபின்னரே சில்லைக் கழற்றினர். மருமகன் உடனே கம்பித் தூரிகையை எடுத்தான். எடுத்தவன் சற்று நின்று, அதை வைத்துவிட்டு ஒரு வாளி தண்ணீர் கேட்டான். பழைய பிறேக் பாட்களிற் கல்நார், அதாவது நாம் கூரையிற் போடும் அஸ்பெஸ்ரஸ், கலந்திருக்கக்கூடும். அதன் தூசு நுரையீரலிற் புகுந்தால் இருபது முப்பது ஆண்டுகள் கழித்தும் நோயைத் தரும் என்று கல்லூரியிற் படித்தது அவன் நினைவுக்கு வந்திருந்தது. பிரித்தானியா 1999 ஆம் ஆண்டில் வெண்கல்நாரையும் தடைசெய்துவிட்டது. நம் வளவுகளில் இன்றும் கூரைகள் அதனாலேயே நிற்கின்றன. உலர்ந்த தூசை ஊதுவதும் தட்டுவதும் ஆகாது, நனைத்துத் துடைத்தலே முறை என்று அவன் கூறியபோது பெரியவர் சிறிது நேரம் பேசாதிருந்தார்.

"நாங்கள் டிப்போவிலை காத்துக் குழாயாலை அடிச்சுத்தான் துப்பரவாக்கினனாங்கள்" என்றார். பின்னர், அக்காலத்தில் தம்மோடிருந்த மெக்கானிக்மார் இருவர் இருமிச் செத்தார்கள் என்றும், அது பீடியாலே என்று எல்லாரும் சொன்னார்கள் என்றும் கூறினார். காரணம் இன்னதென்று அந்த முற்றத்தில் எவரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. தண்ணீர் வந்தது.

அடுத்து மருமகன் கைநீட்டியது மண்ணெண்ணெய்ப் போத்தலுக்கு. இம்முறை தடுத்தவர் பெரியவர்.

"தம்பி, அதைக் கீழை வை. றப்பரிலை மண்ணெண்ணெய் பட்டால் பொங்கிப் போகும்."

"அப்ப என்னத்தாலை கழுவுறது, அம்மான்?"

"சவர்க்காரத் தண்ணி காணும். உள்ளுக்கு ஸ்பிரிற்றாலை துடை."

இது கிழவரின் பிடிவாதமன்று. வேதியியலும் அவர் பக்கமே நிற்கின்றது. பிறேக்கிற் பயன்படும் றப்பர் வகைகள் பிறேக் ஒயிலைத் தாங்குமாறு தெரிவுசெய்யப்பட்டவை. மண்ணெண்ணெய், பெற்றோல், என்ஜின் ஒயில் ஆகியவற்றை அவை உறிஞ்சிப் பருத்துவிடும். பருத்த மோதிரம் பிஸ்ரனைப் பின்னிழுக்கமாட்டாது, பாட் தட்டோடு ஒட்டியபடியே நிற்கும், தட்டுச் சூடேறும், ஒயில் கொதிக்கும். கொதித்த ஒயிலில் ஆவிக்குமிழ் தோன்றிவிட்டால் பெடல் வெறுமையாகத் தரையைத் தொடும். மண்ணெண்ணெயாற் கழுவுதல் என்னும் தடைக்காலத்து வழக்கம், அக்காலத்து என்ஜின்களுக்கு உயிர்கொடுத்தது உண்மை. பிறேக்கை அதே கணக்கிற் சேர்த்தல் தவறு.

விந்தை யாதெனில், பிறேக் ஒயில் தானும் ஒரு தீந்தை நீக்கியே. கைதவறிச் சிந்தினால் அரைமணி நேரத்திற்குள் காரின் மேற்பூச்சைச் சுருங்கச் செய்துவிடும். ஆயினும் இதற்கு அதனைப் பயன்படுத்துதல் வீண். அது காற்றிலுள்ள ஈரத்தையும் உறிஞ்சுவது. டொட் 4 எனப்படும் வகை புதிதாயிருக்கையிற் குறைந்தது 230 பாகை செல்சியசிற் கொதிக்கவேண்டும் என்பது விதி. ஈரம் ஏறியபின் 155 பாகை தாங்கினாற் போதும் என்று அவ்விதியே ஒப்புக்கொள்கின்றது. ஈரக்காற்று ஆண்டு முழுவதும் வீசும் ஒரு தீவில் இவ்வீழ்ச்சி எத்துணை விரைவில் நிகழும் என்பதை ஊகித்தல் கடினமன்று. மூடி திறந்து வைத்த போத்தலை மீண்டும் பாவிக்காதே என்று புத்தகம் சொல்வது இங்கு மும்மடங்கு பொருந்தும்.

கடைகளிற் கிடைக்கும் தீந்தை நீக்கிகளைப் பற்றி ஒரு சொல் கூறாமற் செல்லவியலாது. அவற்றுட் சில மெதிலீன் குளோரைட்டு என்னும் திரவத்தாலானவை. வேலையை நொடியில் முடிக்கும். அதன் ஆவி உடலினுள்ளே காபனோரொட்சைட்டாக மாறும். ஐக்கிய அமெரிக்காவிலே, மூடிய குளியலறைகளிற் குளியற்றொட்டியின் பூச்சை அகற்றிக்கொண்டிருந்த தொழிலாளர் பலர் அதனால் அவ்விடத்திலேயே மாண்டனர். 2019 ஆம் ஆண்டில் அந்நாடு பொதுமக்களுக்கான தீந்தை நீக்கிகளில் அதனைத் தடைசெய்தது. வேப்பமர நிழல் மூடிய அறையன்றுதான். எனினும் மருமகன் அதனை வாங்கவில்லை. காசும் ஒரு காரணம்.

அவர்கள் தெரிந்துகொண்ட வழி எரிசோடா. முதலிற் பாட்களைக் கழற்றி, இடையே மரத்துண்டொன்றை வைத்துப் பெடலை மெல்ல மிதித்துப் பிஸ்ரனை வெளியே வரச்செய்தனர். அதன்பின் குழாயைக் கழற்றி அடைத்து, றப்பர் முழுவதையும் பிடுங்கி எடுத்தனர். அவை எவ்வாறாயினும் மாற்றப்படவேண்டியவை. எஞ்சியது வெறும் வார்ப்பிரும்பு. வார்ப்பிரும்பை எரிசோடா தீண்டாது. அது தீந்தையிலுள்ள எண்ணெய்ப் பகுதியோடு சேர்ந்து அதனைச் சவர்க்காரமாக்கிவிடும். பற்றிழந்த நிறம் தோலுரிவதுபோற் கழன்றுவரும். பாடசாலையிற் சவர்க்காரம் செய்த பாடந்தான் இது. இங்கு சட்டி வேறு, பண்டம் வேறு.

சட்டி என்றதும் ஒரு சச்சரவு நினைவுக்கு வரவேண்டும். கரைசலுக்குப் பாத்திரம் தேடிய மருமகன் குசினியிலிருந்து பழைய அலுமினியச் சட்டியொன்றோடு வெளிப்பட்டான். மாமி பின்னாலேயே வந்தார்.

"என்ரை சட்டியைத் தொட்டியளெண்டால் ரெண்டு பேருக்கும் மத்தியானச் சோறு இல்லை."

அவர் காத்தது சட்டியை மாத்திரமன்று. எரிசோடா அலுமினியத்தைக் கரைத்து, எளிதிற் தீப்பற்றும் ஐதரசன் வாயுவை எழுப்பும். கொதித்துத் தெறிக்கும் அக்கரைசல் கண்ணிற் பட்டாற் பார்வை போய்விடும். மருமகன் நாணியவனாய்ச் சட்டியைத் திருப்பிக் கொடுத்தான். அதே காரணத்தால், இன்றைய கார்கள் சிலவற்றிலும் மோட்டர் சைக்கிள்களிலும் உள்ள அலுமினியக் கலிப்பர்களை எரிசோடாவிற் போடலாகாது. காந்தம் ஒட்டுகின்றதா என்று பார்த்தல் எளிய சோதனை. லான்சரின் கலிப்பரிற் காந்தம் பாய்ந்து ஒட்டியது. பிளாஸ்ரிக் வாளியில் முதலிற் தண்ணீரும், பின்னர் சிறிது சிறிதாகச் சோடாவும் இட்டனர். தண்ணீரைச் சோடாவின் மேல் ஊற்றினால் வெப்பம் மிகுந்து சீறும். கையுறையும் கண்ணாடியும் அணிந்தே இவ்வளவும் நடந்தது. வாளியின்மேல் பலகையொன்றைப் போட்டு, கோழியும் பூனையும் அணுகாவாறு பாரம் வைத்துவிட்டு, இரவு கழியவிட்டனர்.

காலையில் வெள்ளிநிறம் திரைபோல நீரில் மிதந்தது. அதன்கீழ், வலது கலிப்பரிற் சிவப்பான அடிப்பூச்சொன்று எஞ்சியிருந்தது, இடதிற் அதுவுமில்லை. யாரோ அவசரத்தில் ஒன்றிற்கு அடிப்பூச்சிட்டு மற்றதற்கு இடாது விட்டிருக்கின்றார். சிவப்பு என்பது இருவகைப்படும். இரும்பொட்சைட்டாலான சாதாரண அடிப்பூச்சும் சிவப்பு. ஈயத்தாலான பழைய செவ்வீயப் பூச்சும் சிவப்பு. கண்ணாற் பிரித்தறிதல் அரிது. இலங்கையில் தீந்தையிலுள்ள ஈயத்திற்கு வரம்பு விதிக்கப்பட்டது 2013 ஆம் ஆண்டிலிருந்துதான்; அதற்கு முந்திய பூச்சாயின் ஐயம் கொள்வதே முறை. ஆகவே எஞ்சியதையும் நனைத்தே சுரண்டினர். சுரண்டியது நிலத்தில் விழாதவாறு பழைய பத்திரிகைத் தாளை விரித்தனர்.

இடது கலிப்பரில் தீந்தையின்கீழ் வெளிப்பட்டது கட்டிய கறள். பிடித்த கறளுமன்று, தின்ற கறளுமன்று, இடைநிலை. உப்பிலுள்ள குளோரைட்டு இரும்போடு சேர்ந்து ஈரத்தை ஈர்த்துக்கொண்டேயிருக்கும். மேலே தீந்தை பூசினால் அது வெளியேற வழியின்றி உள்ளேயே வேலை செய்யும். பூச்சு இரும்பைக் காத்ததா, உப்பைக் காத்ததா என்று கேட்டால் விடை தெளிவு. வழுக்கவேண்டிய ஊசிகளிரண்டின் ஓரங்களிலும் தீந்தை தடித்துப் புகுந்து, கறளோடு கலந்து, கல்லாக இறுகியிருந்தது. அதனாலேயே கலிப்பர் நகரவில்லை. உட்புறப் பாட் இரும்புத் தகடுவரை தேய்ந்திருக்க, வெளிப்புறப் பாட் ஏறக்குறையப் புதிதாகவே இருந்தது. காற்றை வெளியேற்றும் சிறிய திருகின் வாயும் பூச்சால் அடைபட்டிருந்தது. அஃதாவது, வாங்கிய நாள்முதல் அந்த பிறேக்கை எவரும் திறந்து பார்த்ததேயில்லை. பெரியவர் இரண்டு பாட்களையும் அருகருகே வைத்து நீண்டநேரம் நோக்கினார். ஆறு ஆண்டுகள், மாதமொருமுறை, தாம்போதி வழியாகப் போய் வந்தமை அவர் மனத்தில் ஓடியிருத்தல் வேண்டும்.

இனி வந்ததே உண்மையான வழக்கு. எரிசோடாவும் உப்பும் போகுமாறு இரும்பைக் கழுவவேண்டும். வளவுக் கிணற்று நீர் சவர்நீர். அதனாற் கழுவுவது, அகற்றிய உப்பை மறுபடி பூசுவதற்கு ஒப்பாகும். குடிக்கும் நன்னீரோ சாட்டிப் பக்கத்திலிருந்து பவுசரில் வருவது. மழை பெய்யாத அக்காலத்தில் ஒவ்வொரு குடமும் கணக்கு.

"குடிக்கிற தண்ணியையோ இரும்புக்கு ஊத்தப் போறியள்?" என்று மாமி கேட்டார்.

அக்கேள்விக்கு எளிதான மறுமொழியில்லை. இரும்பு கழுவ நன்னீர் வேண்டுமென்பது அறிவியல். அந்நன்னீர் ஒருவர் தாகத்திற்குரியது என்பதும் அறிவியலே. கார் ஓடுவது அவருக்காகவே எனினும், அதை எடுத்துச் சொல்லப் பெரியவருக்கு மனம் வரவில்லை. தாம்போதியில் நிகழ்ந்ததை அவர் இன்னும் சொல்லியிருக்கவில்லை. மருமகனே ஒரு வழி கண்டான். பெரும்பாகம் எரிசோடாவைக் கிணற்று நீராலே கழுவிவிட்டு, கடைசிக் கழுவலுக்கு மாத்திரம் நன்னீரைச் சூடாக்கி, பழைய பற்தூரிகையால் மூலைமுடுக்கெங்கும் தேய்த்தால் நான்கு செம்பு போதும் என்றான். மாமி செம்பைத் தாமே எடுத்துவந்து அளந்து ஊற்றினார். ஐந்தாவது செம்பையும் அவரே ஊற்றினார். சுடுநீரில் தோய்ந்த இரும்பு வெயிலில் வைத்த கணத்தில் உலர்ந்தது. உலர்தல் தாமதித்தால், கழுவிய கையோடு கறள் மீண்டும் செம்மை காட்டத் தொடங்கும்.

பிஸ்ரனைத் துடைத்தபோது அதன் பக்கத்தில், மோதிரம் உராயும் இடத்தில், ஊசிமுனையளவான குழிகள் சில தென்பட்டன. அரத்தாளால் தேய்த்தால் மறையும் என்றான் மருமகன். தேய்த்தால் மினுக்கமுலாம் போய்விடும், பின்னர் இன்னும் விரைவாகத் தின்னும் என்றார் பெரியவர். புதிய பிஸ்ரனும் றப்பர் தொகுதியும் கொழும்பிலிருந்து பேருந்தில் வரவேண்டியிருந்தன. அவை வர ஒன்பது நாட்களாயின. இடையிலே கிளினிக் நாள் வந்தது. பழைய பிஸ்ரனைப் போட்டு ஒருதரம் மாத்திரம் போய்வரலாமே என்ற பேச்சு எழாமலில்லை. அப்போதுதான் பெரியவர், கார் வலப்புறம் இழுத்த செய்தியை மனைவிக்குச் சொன்னார். மாமி விடியற்காலைப் பேருந்தில், மருமகன் துணையோடு, நின்றுகொண்டே யாழ்ப்பாணம் போனார்.

பூட்டுதலைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. புதிய மோதிரத்தைப் புதிய பிறேக் ஒயிலில் நனைத்தே ஏற்றினர். ஊசிகளுக்கு அதற்கென விற்கும் கிறீசை இட்டனர். மீண்டும் பூசுவதா என்பதே எஞ்சிய வினா. வெறும் வார்ப்பிரும்பாக விட்டால் ஒரு சோளகத்திற்குள் கறள் கட்டும். ஆகவே வெப்பந்தாங்கும் கறுப்புத் தீந்தையை ஒரே படையாக, மெல்லியதாக, வெளிப்புறத்தில் மாத்திரம் பூசினர். பாட் அமரும் இடம், ஊசித்துளை, பிஸ்ரன் குழி, திருகின் வாய் ஆகியவற்றை ஒட்டுத்தாளால் மூடியிருந்தனர். வெள்ளிநிறமே அழகு என்று மருமகன் கூறியதைப் பெரியவர் ஏற்கவில்லை. அவருடைய நியாயம், தடித்த மினுக்கத்தின்கீழ்க் கசிவு தெரியாது என்பது. அவர் நியாயமே வலிது. அழகைப் பற்றி இருவரும் இணங்கவில்லை.

மண்கும்பானுக்கும் அல்லைப்பிட்டிக்கும் இடையே வீதி வெறிச்சோடிய மாலைநேரத்தில் ஓடிப் பார்த்தனர். மெதுவாக ஒருமுறை, விரைவாக ஒருமுறை, ஸ்ரியரிங்கிலிருந்து கையைச் சற்றே தளர்த்தி ஒருமுறை. கார் நேராக நின்றது. இறங்கி இரு முன்சில்லுகளையும் தொட்டுப் பார்த்தனர். இரண்டும் ஒரே சூடு.

முடியாதிருப்பது கழிவைப் பற்றிய கேள்வி. தீவகத்தின் நிலம் சுண்ணக்கல். அதன்கீழே நன்னீர் மெல்லிய வில்லையாகக் கடல்நீரின்மேல் மிதக்கின்றது. மேலே ஊற்றியது வெகுவிரைவில் கிணற்றைச் சென்றடையும். சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை பற்றிய செய்தி 2014, 2015 ஆம் ஆண்டுகளிற் குடாநாடு முழுவதையும் கலக்கியதை எவரும் மறந்திலர். எரிசோடாக் கரைசலை வினாகிரியாற் சமப்படுத்தலாம். ஆனால் அதிற் கரைந்த ஈயம், இருந்தால், அவ்வாறு மறையாது. அக்கரைசலை ஆழமற்ற தகரத் தட்டில் ஊற்றி வெயிலில் வற்றச் செய்தனர். எஞ்சிய சேற்றையும், சுரண்டிய தாளையும், துடைத்த சீலையையும் ஒரு பால்மாப் பேணியில் அடைத்து, மூடியை ஒட்டுத்தாளாற் சுற்றிக் கட்டினர். அதை எங்கே கொடுப்பது என்று பிரதேச சபையில் விசாரித்தபோது, அத்தகைய கழிவைப் பொறுப்பேற்கத் தங்களிடம் ஏற்பாடில்லை என்றனர். பேணி கார்க் கொட்டிலின் வளைமரத்தின்மேல், பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கின்றது. அதன் விளிம்பிலும் கறள் பிடிக்கத் தொடங்கியுள்ளது.